முயலுக்குப் புல்தான் சோறு

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழலில் கீற்றுக் கொட்டகை போட்டு முயல் வளர்க்கிறோம். விற்பதற்கு இல்லை, எங்கள் வீட்டுக் கறிக்கு. மிஞ்சினால் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்போம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வாங்கி வந்த சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் குட்டிகளின் வழியில் வந்தவைதான் இப்போது எங்கள் கூண்டுகளில் இருப்பவை.

முயல் வளர்க்க ஆசைப்பட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கூண்டைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் எது நல்ல இனம் என்பார்கள். தீனியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. புல்லும் காய்கறிக் கழிவும் போட்டால் தின்றுவிட்டுப் போகிறது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில், குட்டிகள் கூட்டங்கூட்டமாகச் செத்துப்போன வீடுகளில் பெரும்பாலும் தீனிதான் காரணமாக இருந்தது. நோய் என்று ஊசி போட்டுப் பார்த்திருப்பார்கள். தீனியை மாற்றாமல் ஊசி மட்டும் போட்டு என்ன பயன்?

என் அத்தை ஆடு மாடு வளர்த்தே குடும்பத்தை நிமிர்த்தியவர். "ஆடு திங்கறதெல்லாம் முயலும் திங்கும் கண்ணு" என்பார். தின்னும் என்பது உண்மைதான். ஆனால் தின்ற பிறகு உள்ளே நடப்பது வேறு. ஆட்டுக்குத் தீனியைப் புளிக்க வைக்கும் பெரிய இரைப்பை சிறுகுடலுக்கு முன்னால் இருக்கிறது. புல் முதலில் அங்கே நுண்ணுயிர்களால் புளித்து, அசைபோட்டு, அதற்குப் பிறகுதான் சிறுகுடலுக்குப் போகும். முயலுக்கு எல்லாம் தலைகீழ். நம்மைப் போல ஒற்றை இரைப்பை. சிறுகுடல் முடியும் இடத்தில் சீக்கம் என்று ஒரு பெரிய பை. வயிற்றுக்குள் அதுதான் பெரிய உறுப்பு. நுண்ணுயிர்கள் வேலை செய்வது அங்கேதான். சத்தை உறிஞ்சும் சிறுகுடலைத் தாண்டிய பிறகு இந்தப் பை இருப்பதால், அதில் உருவாகும் புரதமும் பி வைட்டமின்களும் வீணாகிவிடும் அல்லவா? அதற்காகத்தான் முயல் மென்மையான ஒரு வகைப் புழுக்கையைப் போட்டு, அதைத் தரையில் விழவிடாமல் பின்புறத்திலிருந்து நேராக வாயில் எடுத்து விழுங்குகிறது. விடியலை ஒட்டி அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் கவனித்தால் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் அருவருப்பாகி, ஏதோ சத்துக் குறைவு என்று டானிக் வாங்கப் போவார்கள். அது நோயே இல்லை. அப்படித் தின்னாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சீக்கத்தில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பிடித்தது நார். அதிலும் நீளமான, கரடுமுரடான நார் குடலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாவுச்சத்து அதிகமாகி, சிறுகுடலில் செரிக்காமல் மிச்சம் சீக்கத்துக்குள் போனால் அங்கே கெட்ட கிருமிகள் பெருகும். கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மி என்று ஒன்று இருக்கிறது. அதன் நஞ்சு தண்ணீர்போலக் கழிச்சலை உண்டாக்கி ஒரே நாளில் குட்டியைக் கொன்றுவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

இதைப் புரிந்துகொண்டால் தீனி விஷயத்தில் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மீந்த சோறு போடலாமா? வேண்டாம். பிஸ்கட், ரொட்டி? வேண்டவே வேண்டாம். கேரட்? படங்களில் முயல் கையில் கேரட் இருப்பதால் எல்லாரும் அதையே கொடுக்கிறார்கள். கேரட் கிழங்கு இனிப்புப் பண்டம் மாதிரி, ஒரு சின்னத் துண்டு போதும். அதன் தழையைத் தாராளமாகப் போடலாம்.

பசுந்தீவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முக்கால் பங்குத் தீனி அதுதான். கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வரப்போரம் வைத்திருக்கிறோம். தண்டு முற்றிப்போனால் முயல் இலையை மட்டும் கொறித்துவிட்டுத் தண்டை மிதித்துத் தள்ளும், அதனால் இளசாகவே அறுப்பேன். அருகம்புல் எங்கே கிடைத்தாலும் பிடுங்கி வருவோம். முயல்கள் அதைத்தான் முதலில் தேடித் தின்கின்றன. கிணற்றடிப் பூண்டும் அப்படியே. இவற்றோடு பயறுவகைத் தீவனம் ஒரு பங்கு வேண்டும். வேலிமசால் ஒருமுறை விதைத்தால் வருஷக்கணக்கில் அறுக்கலாம், காய்ந்த கணக்கில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம். முயல் மசால் என்று ஒரு செடியும் இருக்கிறது. மானாவாரி நிலத்தில் பாடுபடாமல் வரும். அகத்தி, கல்யாண முருங்கை, முருங்கைக் கீரை, மல்பெரி இவையெல்லாம் மாறி மாறிப் போடுவோம். ஒரே தழையை நாள் முழுக்கப் போடுவதைவிட இரண்டு மூன்றைக் கலந்து போட்டால் எது ஒன்றின் கெடுதியும் தலைதூக்காது.

சூபாபுல் என்கிற சவுண்டல் தழையை மட்டும் அளந்து போடுங்கள். அதில் மிமோசின் என்ற பொருள் இருக்கிறது. தொடர்ந்து நிறையத் தின்றால் முயலுக்கு முடி கொட்டும். மசால் வகைகளிலும் ஒரு கவனம் வேண்டும். அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நாமெல்லாம் தேவையான அளவு சுண்ணாம்பை மட்டும் குடலில் எடுத்துக்கொள்வோம். முயல் தின்றதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அதனால்தான் கூண்டுக்கு அடியில் மூத்திரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் அந்தச் சுண்ணாம்பு தேவை. சும்மா இருக்கும் ஆண் முயலுக்குத் தேவையில்லை. அதற்கு வெறும் புல்லே உத்தமம். மூத்திரம் சில நாள் செம்மண் நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம். சில தழைகளைத் தின்றால் அப்படித்தான் நிறம் மாறும். ஆனால் முக்கி முக்கிப் போனாலோ, பசை மாதிரி கெட்டியாகப் போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போடவே கூடாதவை: மரவள்ளித் தழை, இளம் சோளப் பயிர் இரண்டிலும் சயனைடு நஞ்சு உண்டு. ஆடு மாடே தின்று செத்த கதைகள் எல்லா ஊரிலும் இருக்கும். அரளி, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி, உருளைக்கிழங்குத் தழை, தக்காளிச் செடி, பார்த்தீனியம் இவை எதுவும் புல்கட்டுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன்: வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையும் பழமும் முயலுக்கு நஞ்சு. சந்தைக்கு அறுத்த புல்லை வாங்குவதைவிட நாமே அறுப்பது நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான். என்ன கலந்திருக்கிறது என்று நம் கண்ணே பார்த்துவிடும்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை பெரியது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வெளி இலைகள் குவியல் குவியலாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே எடுத்துப் போகச் சொல்வார்கள். முயல் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய ஆசை. நான் எடுப்பதில்லை. கோஸ் பயிருக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்று தோட்டத்து வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு படிவது அந்த வெளி இலையில்தான். அந்த முயலைத்தான் என் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள். அதோடு கோஸ் இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெறும் வயிற்றில் அதையே குட்டிகளுக்கு நிறையப் போட்டால் வயிறு தளும்பிக் கழிச்சல் வரும். மருந்தடிக்காத வீட்டுத் தோட்டத்து இலை என்றால் புல்லோடு கொஞ்சம் சேர்த்துப் போடலாம்.

பனியோ மழையோ நனைந்த புல்லை அப்படியே போடுவது கிடையாது. காலையில் அறுத்ததை நிழலில் பரப்பி வாட வைத்துச் சாயங்காலம் போடுவோம். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அதனால் பரப்பத்தான் வேண்டும். கூண்டுத் தரையில் போடாமல் பக்கவாட்டில் கம்பித் தட்டி கட்டி அதில் சொருக வேண்டும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி புழுக்கை வழியாகத்தான் பரவுகிறது. புழுக்கை பட்ட புல்லைத் தின்னவிட்டால் மருந்து மாற்றி மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, அடர்தீவனம். புல் மட்டும் போட்டே வளர்க்க முடியாதா என்றால் முடியும். வளர்ச்சி மெதுவாக இருக்கும், பால் கொடுக்கும் தாய் மெலிந்துவிடும். அதனால் அளவாகக் கொடுக்கிறோம். நாங்கள் கலக்கும் கணக்கு, பத்துக் கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 2 கிலோ, உடைத்த கம்பு 1 கிலோ, கோதுமைத் தவிடு மூன்றரைக் கிலோ, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, துவரைப் பொட்டோ உளுந்தம் பொட்டோ (பருப்பு உடைக்கும்போது கழியும் தோலும் நொய்யும்) 1 கிலோ 800 கிராம், தாது உப்பு 150 கிராம், சாப்பாட்டு உப்பு 50 கிராம். புரதம் 16, 17 சதவீதம் பக்கம் வரும். பருப்புப் பொட்டு நாருக்காக. மில்லில் மலிவாகக் கிடைக்கும். மாவாக அரைக்காமல் உடைசலாக வைத்து, போடும்போது தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுக்க வேண்டும். தூசியாக இருந்தால் முயல் தும்மித் தும்மி மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். பிசிறியதை அந்த வேளைக்குள் தின்று முடிக்கும் அளவே வைக்க வேண்டும், புளிக்க விடக்கூடாது.

நான்கு கிலோ எடையுள்ள முயலுக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம் அடர்தீவனம் போதும், மீதிக்குப் புல். பால் கொடுக்கும் தாய்க்கு 150 கிராமுக்குக் குறையாமல் போகும். குட்டிகளுக்கு 50 கிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு தீனி, இன்று வேறு தீனி என்றால் சீக்கத்தில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தாங்காது. தீவனத்தை அழுத்திச் சிறு குச்சிகளாக்கிக் கடையில் விற்கும் முயல் குச்சித் தீவனமும் நல்லதே. வாங்கும்போது மூட்டையில் நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். எல்லாரும் புரதத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கோழித் தீவனத்தை முயலுக்குப் போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பிராய்லர் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் வராமலிருக்க சாலினோமைசின், நாராசின் போன்ற மருந்துகளைக் கலந்திருப்பார்கள். கோழிக்கு அது பாதுகாப்பு, முயலுக்கு நஞ்சு. தீனி எடுக்காமல், பின்கால் துவண்டு விழுந்து சாகும். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் கோழித் தீவனம் மிச்சமிருக்கிறதே என்று முயலுக்கும் போட்டார்கள். கொஞ்ச நாளில் கூண்டே காலியாகிவிட்டது. மாட்டுத் தீவனத்திலும் யூரியா சேர்க்க அனுமதி உண்டு. மாட்டின் இரைப்பை அதைப் புரதமாக்கிக்கொள்ளும், முயலுக்கு அந்த வசதி இல்லை.

பிண்ணாக்கில்தான் இன்னொரு ஆபத்து. ஈரம் பட்ட நிலக்கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சையே உலகம் கண்டுகொண்டது. இதற்கு மிக எளிதில் பலியாகும் உயிர்களில் முயலும் ஒன்று. கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பிண்ணாக்கை மூட்டையாக வாங்காமல் கிலோ கணக்கில்தான் வாங்குவோம். முகர்ந்து பார்த்து, உடைத்துப் பார்த்து, உள்ளே பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தால் குப்பைக்குழிதான். ஆட்டுக்குக்கூடப் போடுவதில்லை. அத்தைக்கு முதலில் மனசு வரவில்லை. ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அம்மா, அது காசு இல்ல, விஷம்" என்று அவரிடமே எடுத்துச் சொன்ன பிறகு இப்போது என்னைவிடக் கறாராக இருக்கிறார்.

தாயும் குட்டியும் இருக்கும் காலம்தான் தீனியில் மிகவும் நுட்பமானது. சினைக்காலம் 31 நாள் வாக்கில். சினையாக இருக்கிறதே என்று தானியத்தை அள்ளிப் போட்டால் தாய் கொழுத்துவிடும். கொழுத்த தாய் கடைசி வாரத்தில் திடீரென்று தீனியை நிறுத்தினால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் நஞ்சேறிச் செத்துப்போகலாம். அதனால் சினையில் புல்லைக் கூட்டி, ஈன்ற பிறகு அடர்தீவனத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். தாய் நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். அதைப் பார்த்து, தாய் குட்டிகளைக் கவனிக்கவில்லை என்று பசும்பாலைப் புகட்ட ஓடாதீர்கள். குட்டிகளின் வயிறு உருண்டையாக நிறைந்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. முயல் பால் மிகக் கெட்டி. பசும்பாலைப்போல மூன்று மடங்கு புரதமும் கொழுப்பும் அதில் உண்டு. அந்தப் பாலைச் சுரக்கத் தாய்க்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். தண்ணீர் குடிக்கக் கூண்டில் மாட்டியிருக்கும் நிப்பிளில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் குடிக்காத முயல் தீனியும் தின்னாது.

மூன்றாவது வாரத்தில் குட்டிகள் ஈன்ற பெட்டியிலிருந்து வெளியே வந்து தாய் தின்பதைக் கொறிக்கத் தொடங்கும். அப்போதே நல்ல வாடிய புல் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பால் மறக்கடிக்கும்போது நாங்கள் தாயைத்தான் வேறு கூண்டுக்கு மாற்றுவோம், குட்டிகள் பழகிய இடத்திலேயே இருக்கும். ஐந்து, ஆறு வாரம் ஆனபிறகு செய்வதே வீட்டு வளர்ப்புக்கு நல்லது. பிரித்த பிறகு இரண்டு வாரம்வரை தீனியில் எந்த மாற்றமும் கிடையாது. கழிச்சலில் சாகும் குட்டிகள் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் சாகின்றன. அப்படிக் கழிச்சல் கண்டால் அடர்தீவனத்தை உடனே நிறுத்திக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்து, மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்த அமாக்சிசிலினைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். வாய்வழி கொடுத்தால் அது சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையே சாய்த்துவிடும்.

தீனி சரியாக இருக்கிறதா என்பதைப் புழுக்கையே சொல்லும். காலையில் கூண்டுக்கடியில் பார்ப்பது என் முதல் வேலை. உருண்டையாக, ஒரே அளவாக, நசுக்கினால் வைக்கோல் துகளாக உதிர்ந்தால் நல்லது. சிறுத்துக் கறுத்திருந்தால் நாரோ தண்ணீரோ போதவில்லை. திராட்சைக் கொத்துப்போல மென்புழுக்கை தின்னாமல் அப்பிக் கிடந்தால் தீனி வளமாகிவிட்டது அல்லது முயல் பருத்துக் குனிய முடியாமல் இருக்கிறது. தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டினால் சில நாளில் சரியாகும். ஒரு இரவு முழுக்கப் புழுக்கையே இல்லை என்றால் அது அவசரம், தள்ளிப்போடக் கூடாது.

பல்லையும் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் மட்டும் வாரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். குச்சித் தீவனத்தை நம்பி வளர்க்கும் முயல்களுக்குக் கடைவாய்ப்பல் கூராக வளர்ந்து நாக்கைக் கிழிக்கும். வாய் ஒழுகி மெலியும் முயலுக்கு டானிக் கொடுப்பதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். மல்பெரிக் குச்சியோ முருங்கைக் குச்சியோ ஒன்றிரண்டு எப்போதும் கூண்டில் கிடக்கட்டும்.

மன்னவனூர்க் குளிரில் வளரும் முயலுக்கும் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வளரும் முயலுக்கும் தீனி நேரம் ஒன்றாக இருக்க முடியாது. வெயில் காலத்தில் பகலில் முயல் தீனியைத் தொடவே தொடாது. அடர்தீவனத்தை விடியலிலும், புல்லைப் பொழுது சாய்ந்த பிறகும் போடுவோம். இரவில்தான் தின்னும். பகலில் வைத்த தீனி மீந்திருக்கிறது என்று அளவைக் குறைத்துவிட்டால் இரவில் பட்டினி கிடக்கும்.

அறுக்கும்போதும் பார்க்க வேண்டியது உண்டு. சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு தடிமனாக மூடியிருந்தால் தானியம் அதிகம் என்று அர்த்தம். அடுத்த குட்டிகளுக்குக் குறைத்துவிடுவேன். ஈரலில் அரிசிமணி அளவில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஈரலைத் தாக்கும் காக்சிடியாவாக இருக்கலாம். அந்த ஈரலைச் சமைப்பதில்லை, புதைத்துவிட்டு அந்தக் கூண்டின் மற்ற முயல்களின் புழுக்கையை மருந்தகத்துக்கு எடுத்துப் போவேன். பூச்சி மருந்தோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக் கூண்டு அட்டையில் எழுதி வைப்போம். கருவாட்டுத் தூள் போட்டால் சீக்கிரம் எடை வரும் என்று சிலர் சொல்வார்கள். ஒற்றை இரைப்பை விலங்கு என்பதால் தின்ற கொழுப்பின் குணம் கறியில் அப்படியே இறங்கும், மீன் வாடை வரும். மசாலும் புல்லும் தின்று வளர்ந்த முயலின் கறி மணமே தனி. மிளகும் சீரகமும் போட்டு வதக்கினாலே போதும்.

இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு ஆணும் இரண்டு பெண்ணும் வைத்திருக்க வேலியோரமே போதும். வேலிக்கு வேலிமசாலும் அகத்தியும், கழிநீர் போகும் வாய்க்காலோரம் கோ-4 புல்லும் வைக்கலாம். கழிநீரில் சோப்பும் பினாயிலும் கலந்தால் வேண்டாம், குளிக்கும் தண்ணீரும் வேண்டாம். அரிசி, காய் கழுவும் தண்ணீர் போதும். புல் வளர்ந்து அறுப்புக்கு வந்த பிறகு குட்டி வாங்கப் போங்கள்.